உறையாத பால்

களியக்காவிளை

களியக்காவிளைச் சந்தையில் காலை ஆறரைக்கு றாலின் விலையை ஒரே மூச்சில் இரண்டு மொழியில் சொல்கிறார்கள். ஆரம்பம் தமிழ், முடிவு மலையாளம். பேரம் பேசுகிறவர் எந்தப் பக்கத்துக்காரரோ அந்தப் பக்கமாக மீதிச் சொல் சாயும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்–கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு இந்த ஊரின் ஓரத்தில் விழுந்தது. மீனுக்கும் மரச்சீனிக்கும் இன்றுவரை அது தெரியாது.

அன்று சந்தையைக் கடந்த இருவருக்கு மீன் வாங்கும் உத்தேசம் இல்லை. ஒருவர் ஓய்வுபெற்ற மருந்தாளுநர். வாழ்நாளில் பாதியை மாத்திரை எண்ணிக் கொடுத்தே கழித்தவர். மற்றவன் அவருடைய தங்கை மகன், பார்மசி ஆராய்ச்சி மாணவன். அவன் கையில் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. அதைப் பார்த்த மீன்காரர் ஒருவர், "என்ன சாரே, அயலையா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெட்டிக்குள் ஐஸ் இருந்தது. றாலோடு சம்பந்தப்பட்ட சரக்கும் இருந்தது.

றால் ஓட்டிலிருந்து கைட்டின் எடுக்கலாம். அதைக் காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான். லேசான அமிலத் தண்ணீரில் அதைக் கரைத்து, கலக்கிக்கொண்டே ட்ரைபாலிபாஸ்பேட் உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் தாமாகவே திரள்கின்றன. மருமகன் அந்த உருண்டைகளுக்குள் மஞ்சளின் குர்குமினை அடைத்திருக்கிறான். குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். அதை ரத்தத்தில் ஏற்ற ஒரு வண்டி வேண்டும், அந்த வண்டிதான் இந்த உருண்டை. ஆறு சிறு சீசாக்களில் மஞ்சள் ஓடிய கஞ்சித்தெளிபோல அது நிற்கிறது. உள்ளே நிஜமாகவே உருண்டைகள் இருக்கின்றனவா, என்ன அளவு, எவ்வளவு மருந்து ஏறியிருக்கிறது என்பதையெல்லாம் பார்க்கிற கருவிகள் அவன் கல்லூரியில் இல்லை. இங்கே ஆராய்ச்சி மாணவர்கள் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது புதிதல்ல. அவன் திருவனந்தபுரம் கிளம்பினான். வழித்துணைக்கு மாமா.

கிளம்புமுன் மாமா அவனை வீட்டுக்குப் பின்னால் உள்ள ரப்பர் விளைக்குக் கூட்டிப்போனார். இருட்டோடு பால் வெட்டிவிட்டு, சிரட்டைகளில் ஊறியதை வாளியில் சேர்த்துக்கொண்டிருந்தார் பால்வெட்டுகிற அக்கா. அடுத்த வேலை ஷீட் அடிப்பது. பாலைத் தட்டத்தில் ஊற்றித் தண்ணீர் சேர்த்து, அளந்த ஆசிட்டை விட்டுக் கையால் ஒரு சுற்று கலக்கினார். நுரையை வழித்து எறிந்தார். சற்று நேரத்தில் பால் இறுக ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் வெண்ணெய்க்கட்டி மாதிரி குழிந்து மேலே வந்தது.

"ஆசிட் கூடினா ஷீட்டு கெட்டியாப் போவும். குறைஞ்சா நாளைக்கும் தண்ணியாட்டு கிடக்கும். மழைத்தண்ணி விழுந்த பாலுன்னா பேசவே வேண்டாம்" என்றார் அக்கா.

மருமகன் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். ரப்பர் பாலில் மிதப்பவையும் நானோ துகள்கள்தான். சில பத்து நானோமீட்டரில் தொடங்கிச் சில மைக்ரான் வரை எல்லா அளவிலும் உண்டு. ஒவ்வொன்றையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு தோல் மூடியிருக்கிறது. அந்தத் தோலில் எதிர்மின்னேற்றம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் பால் பாலாக இருக்கிறது. ஆசிட் அந்த மின்னேற்றத்தைத் தின்றுவிடும். தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும் ஒட்டிக்கொள்கின்றன. பாலை நாள்கணக்கில் வைக்க வேண்டியவர்கள் இதனால்தான் அமோனியா கலக்கிறார்கள். ஆய்வகத்தில் 'ஜீட்டா' என்று அளப்பது இந்தத் தள்ளுமுள்ளைத்தான். அக்காவின் விரலில் அந்தக் கருவி இருக்கிறது, எண் மட்டும் காட்டாது.

பாறசாலை, அமரவிளை

எல்லை தாண்டியதும் முதலில் மாறுவது பெயர்ப்பலகைதான். பாறசாலை வரையில் அதைத் தவிர வேறு வித்தியாசம் சொல்ல ஒன்றுமில்லை. அதே ரப்பர், அதே மட்டி வாழை, அதே சரல் மண். வீடுகள் மட்டும் சாலையை விட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, மரங்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அமரவிளையில் பாலத்துக்குக் கீழே நெய்யாறு கலங்கலாக ஓடியது. முந்தைய இரவு மலைப்பக்கம் மழை.

பேருந்தில் மாமா ஜன்னல் பக்கம். பெட்டி அவர் மடியில்.

"வெயில் படாமப் பாத்துக்கிடுங்க மாமா. ஐஸிலயும் ஒட்டப்பிடாது."

"ஐஸில வைக்கணும், ஐஸு படவும் கூடாதா? இது என்னலே மாப்பிள்ளை முறுக்கு?"

குளிர்ச்சி வேண்டும், உறையக் கூடாது. தண்ணீர் உறையும்போது படிகங்கள் உருண்டைகளை நெருக்கி ஒன்றோடொன்று அழுத்திவிடும். திரும்ப உருகினாலும் பழைய நிலை வராது. மாமாவுக்கு இது புரிய நேரமாகவில்லை. இன்சுலினைப் பிரீசரில் வைத்துப் பாழாக்கிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார்!

அவருக்குப் புரியாமலிருந்தது வேறு விஷயம். அவர் காலத்தில் ஒரு மாத்திரை என்றால் உள்ளே இன்ன மருந்து, இத்தனை மில்லிகிராம். அது சரியாக இருந்தால் மருந்தும் சரி. கம்பெனி மாறலாம், நிறம் மாறலாம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது என்பதற்கு மருமகன் ஒரு கதை சொன்னான்.

டாக்ஸோரூபிசின் பழைய புற்றுநோய் மருந்து, செக்கச்சிவந்த நீர், இதயத்தைக் கெடுக்கும். அதையே ஏறக்குறைய 100 நானோமீட்டர் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து 1995இல் அமெரிக்காவில் 'டாக்ஸில்' என்று அனுமதித்தார்கள். 2011இல் அதைத் தயாரித்த ஆலையில் சிக்கல் வந்து மருந்து கிடைக்காமல் போனது. 2012 பிப்ரவரியில் அமெரிக்க அரசு நம் நாட்டு சன் பார்மாவின் 'லிப்போடாக்ஸ்' குப்பிகளைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய விட்டது. மறு பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் மருந்து டாக்ஸிலின் முதல் ஜெனரிக்காக அங்கே அனுமதி பெற்றது.

அந்த ஜெனரிக் அனுமதிக்கு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான் என்று காட்டினால் போதவில்லை. குமிழியின் அளவு, அளவுகளின் பரவல், சுவர் எத்தனை அடுக்கு, மேற்பரப்பு மின்னேற்றம், உள்ளே மருந்து எந்த நிலையில் உறைந்திருக்கிறது, வெவ்வேறு சூழலில் எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்று ஒரு நீண்ட பட்டியலே இருந்தது. மின்நுண்ணோக்கியில் டாக்ஸிலைப் பார்த்தால் வட்டக் குமிழிக்கு நடுவே மருந்துப் படிகம் கோடாகக் கிடக்கும். அசல் காப்பிக்கொட்டை. ஜெனரிக்கும் அந்தக் காப்பிக்கொட்டையாகவே இருக்க வேண்டும்.

"அப்போ மருந்து மட்டும் மருந்தில்ல, பொட்டியும் மருந்துதான்" என்றார் மாமா, மடியிலிருந்த பெட்டியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு.

பாலராமபுரம்

நெய்யாற்றின்கரையில் புட்டும் கடலையும். கடலைக்கறியில் தேங்காயை வறுத்து அரைத்திருந்த விதம் தங்கள் வீட்டுத் தீயலை ஒட்டி வருகிறது என்று மாமா தீர்ப்புச் சொன்னார். சாயா மட்டும் களியக்காவிளையைவிடத் தண்ணீர். இந்த விஷயத்தில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

பாலராமபுரத்தில் இறங்கியதற்குக் காரணம், மாமாவுக்குத் தோளில் போட ஒரு நேரியல் வேண்டியிருந்தது. தமிழ் நாட்டுப் பக்கமிருந்து மன்னர் காலத்தில் வந்து குடியேறிய சாலியர் நெசவாளர்களின் தெருக்கள் இங்கே உண்டு. இரண்டு நூற்றாண்டு ஆகியும் பழைய வீடுகளில் காதில் விழும் பேச்சில் தமிழ் வாடை போகவில்லை. குழித்தறியில் உட்கார்ந்திருந்த முதியவர் பாவு நூல் ஒன்றைப் பிரித்து மருமகன் விரலில் வைத்தார். நூறாம் நம்பர் பருத்தி. காற்றடித்தால் காணாமல் போகிற இழை.

மருமகன் மனசுக்குள் கணக்குப் போட்டான். அந்த நூலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நானோமீட்டரில் 90,000 அளவில் வரும். டாக்ஸில் குமிழிகளை நூலின் குறுக்கே வரிசையாக நிறுத்தினால் தொள்ளாயிரம் நிற்கலாம். நெசவாளர் இழையின் ஒழுங்கைக் கட்டைவிரலால் உருட்டியே சொல்லிவிடுகிறார். தொள்ளாயிரத்தில் ஒன்றை உருட்டிப் பார்க்க விரல் கிடையாது. ஒளி வேண்டும்.

பூஜப்புரை

திருவனந்தபுரத்தில் பூஜப்புரை என்றால் பலருக்கு நினைவில் வருவது மத்திய சிறை. அதே பூஜப்புரையில்தான் திருவிதாங்கூர் ராணி சேது லட்சுமி பாயி வாழ்ந்த சாட்டல்மோண்ட் அரண்மனையும் இருக்கிறது. இன்று அது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிலையத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. அரண்மனையில் ராணிக்குப் பதில் ரத்தப் பரிசோதனை.

மாமாவுக்கு இந்த இடத்தின்மேல் தனி மரியாதை. இந்தியாவின் முதல் செயற்கை இதய வால்வு எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இங்கே உருவானது. 2024இல் மறைந்த வலியத்தான் இதய அறுவை மருத்துவர். வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத நோயாளிகளைப் பார்த்துவிட்டு, நாமே செய்வோம் என்று இறங்கியவர். முதல் மூன்று மாதிரிகளும் சோதனையில் தோற்றன. ஒன்றில் பற்றவைத்த இடம் விட்டுப்போனது. நீலக்கல் படிகத்தில் செய்த தட்டையே நம்பியிருந்தார்கள், அது விரிசல் விட்டது. நான்காவதில் தட்டைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றினார்கள். 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் அந்தத் தட்டு தட்டிக்கொண்டிருக்கிறது. நீலக்கல் உடைந்ததை மூடி மறைக்காமல் எழுதி வைத்தது மாமாவுக்கு வால்வைவிடப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

மருமகனின் அக்கறை ரத்தத்தோடு நின்றது. அவனுடைய கைட்டோசான் உருண்டைகளுக்கு நேர்மின்னேற்றம். சிவப்பணுக்களின் மேற்பரப்போ எதிர்மின்னேற்றம். ஈர்த்துக்கொண்டு போய் ஒட்டி அணுவை உடைத்துவிட்டால், மருந்து போய்ச் சேருமுன்னே ஆளுக்கு ஆபத்து. இதற்கான சோதனை பார்க்க எளிமையானது. நீர்த்த ரத்தத்தோடு சாம்பிளைச் சேர்த்து உடல் சூட்டில் வைத்துச் சுழற்றுவார்கள். மேலே நிற்கும் நீர் தெளிந்திருந்தால் நல்லது. சிவந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. அதில் பலர் வழுக்குகிறார்கள். பாக்டீரியா செத்தாலும் அதன் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்ஸின் சாகாது. ஊசியில் ஏறினால் காய்ச்சல், அதிர்ச்சி. அதைக் கண்டுபிடிக்கக் குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுக்கும் பொருளைத்தான் உலகம் நெடுங்காலமாக நம்பியிருந்தது. அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய நானோ தன்மையறிதல் ஆய்வகத்துக்கு வெளியிலிருந்து வந்த சாம்பிள்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்த மாசு இருந்ததாக அங்குள்ளவர்களே எழுதியிருக்கிறார்கள். கடல் ஓட்டிலிருந்து எடுத்த பொருளில் மாசு இருக்கிறதா என்று கடல் பிராணியின் ரத்தத்திடமே கேட்க வேண்டியிருக்கிறது.

பாளையம்

உருண்டைகளின் அளவைப் பார்க்கும் கருவி இருந்தது பாளையத்திலிருந்து பிரியும் ஒரு தெருவில், பெயர் முக்கியமில்லாத ஓர் ஆய்வகத்தில். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். குளிர்சாதனம் எலும்பில் ஏறியது. கருவியைக் கையாளும் சேச்சி சீசாக்களை வெளிச்சத்துக்கு எதிரே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஐந்தில் லேசான நீலச் சாயல் மினுங்கியது. சின்னத் துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும், நல்ல சகுனம். ஆறாவதில் மஞ்சள் துணுக்குகள் அடியில் கிடந்தன.

"இது ஐஸில் தொட்டல்லோ மோனே."

மாமா கூரையைப் பார்த்தார். நெய்யாற்றின்கரையில் புட்டுக்கு உட்கார்ந்தபோது பெட்டியைச் சாய்த்து வைத்தது அவர்தான்.

டி.எல்.எஸ். கருவி வெளியே பார்த்தால் ஒரு பெரிய டிபன் கேரியர் மாதிரி. உள்ளே சிவப்பு லேசர். குர்குமினின் மஞ்சள் சிவப்பு ஒளியைக் குடிக்காது என்பதால் வசதி. 1827இல் ராபர்ட் பிரவுன் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் துடிப்பதைக் கண்டார். 1905இல் ஐன்ஸ்டைன் அந்தத் துடிப்புக்குக் கணக்கு எழுதினார். சிறியது வேகமாகத் துடிக்கும், பெரியது மந்தமாக. சிதறி வரும் ஒளி மினுக்கும் வேகத்தை வைத்துக் கருவி அளவைச் சொல்லிவிடும்.

முதல் எண் திரையில் வந்ததும் மருமகனின் முகம் விழுந்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

சேச்சி பதறவில்லை. வடிகட்டிய தண்ணீரில் புதிதாக நீர்த்து, சாம்பிள் ஊற்றும் குவெட் குப்பியைத் துடைத்து, குமிழி இல்லையென்று தட்டிப் பார்த்து மறுபடி வைத்தார். சிறு துகள் சிதறடிக்கும் ஒளி அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பின்பற்றுகிறது. அதாவது பத்து மடங்கு பெரியது ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு ஒளி தரும். ஒற்றைத் தூசி போதும், கூட்டம் முழுவதும் பெருத்துவிட்டது போலக் காட்ட. கல்யாண வீட்டில் மைக் பிடித்தவர் கதைதான்.

இரண்டாம் தடவை இருநூறு நானோமீட்டர் சொச்சம். பி.டி.ஐ. எனப்படும் பரவல் எண் 0.3க்குக் கீழே, அதற்கு மேல் போனால் கூட்டத்தில் பல அளவுக்காரர்கள் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். ஜீட்டா நேர்ப்பக்கம், முப்பது மில்லிவோல்ட்டை ஒட்டி. உறையாமல் நிற்கப் பொதுவாகப் போதுமென்று சொல்லும் அளவு.

மின்நுண்ணோக்கி இருக்கும் 'டெம்' அறைக்கு மாமாவை விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தார். மூன்று மில்லிமீட்டர் செம்புச் சல்லடையின் மேல் ஒரு சொட்டு, வடிதாளால் ஒற்றி, உலரவைத்து, வெற்றிடத்துக்குள். படத்தில் உருண்டைகள் வந்தன. ஆனால் லேசர் சொன்னதைவிடச் சின்னதாக.

"எதுலே பொய்?"

"ரெண்டும் நெசம் மாமா. அதுல நனைஞ்சிருக்கு, இதுல காஞ்சிருக்கு."

தேங்காயும் கொப்பரையும் என்று மாமா தனக்குத்தானே மொழிபெயர்த்துக்கொண்டார். நம் நாட்டில் 2019 அக்டோபரில் வந்த நானோ மருந்து மதிப்பீட்டு வழிகாட்டிக்கும் இந்தத் தலைவலி இருந்திருக்கிறது. 1 முதல் 100 நானோமீட்டர் என்று வரையறுத்துவிட்டு, அளவினால் குணம் மாறுமென்றால் 1,000 வரையும் கணக்கில் வரும் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். திறந்து வைத்தது சரிதான். இல்லாவிட்டால் பெட்டியிலிருந்த சரக்கு வரையறைக்கு வெளியே நின்றிருக்கும்.

மெடிக்கல் காலேஜ்

மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் வேலை மாலை வரை இழுக்கும் என்றார்கள். இடைநேரத்தில் இருவரும் மெடிக்கல் காலேஜ் பக்கம் போனார்கள். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தச் சந்திப்பில் ஊர்க்காரர் முகம் கிடைப்பது நிச்சயம். 1981இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையான ஆர்.சி.சி.க்கு மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை என்று தினமும் ஆட்கள் வருகிறார்கள்.

மீன்கறியும் மரச்சீனியும் கிடைத்த கடையில் எதிர் மேசையில் ஒரு அம்மை, கூட அவர் மகன். தட்டைத் தொடாமல் கைகளை மடியில் மலர்த்தி வைத்திருந்தார். உள்ளங்கை சுட்டது போலச் சிவந்து, விரல் மடிப்புகளில் தோல் உரிந்திருந்தது.

"குமிழி மருந்துன்னு சொன்னாவ. முடி கொட்டல்ல பாத்துக்கிடுங்க. முதல்ல போட்ட சிவப்பு மருந்துல எல்லாம் போச்சு. ஆனா கைய வச்சு ஒரு காரியம் செய்ய முடியல்ல." மகன் மரச்சீனியை மீன்குழம்பில் பிசைந்து ஊட்டினான்.

குமிழிக்குள் அடைத்ததும் இதயத்துக்குப் பாரம் குறைந்தது. ஆனால் நெடுநேரம் ரத்தத்தில் சுற்றுவதால் உள்ளங்கை, உள்ளங்கால் தோலில் போய்த் தேங்குகிறது. பழைய மருந்தில் இவ்வளவு தெரியாத தொல்லை. எந்தக் குவெட்டிலும் இந்த உள்ளங்கை தெரியாது என்பதை மருமகன் அன்று சொல்லவில்லை. சாப்பாட்டைக் கையால் அளைந்துகொண்டிருந்தான்.

மாமாவுக்கு 2021 ஞாபகம் வந்தது. கறுப்புப் பூஞ்சை நோய் பரவிய மே மாதம். அதற்கான லைப்போசோம் ஆம்போடெரிசினை, அதாவது கொழுப்புக் குமிழியில் அடைத்த பூஞ்சைக்கொல்லி மருந்தை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 மில்லிகிராம் தர வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 50 மில்லிகிராம் குப்பி நாளொன்றுக்கு ஆறு. வாரக்கணக்கில். கிடைக்கவில்லை. அவர் மருந்துக்கூட ஜன்னலில் சீட்டை நீட்டியவர்களிடம் இல்லை என்று சொன்ன நாட்களை எண்ணி வைத்திருக்கிறார், எண்ணிக்கையைச் சொல்லமாட்டார்.

இந்த மருந்தின் இந்திய வடிவமான 'பங்கிசோம்' வந்த வழியில் வேலூர் உண்டு. அதற்கு அடித்தளமிட்ட பிமல் குமார் பச்சாவத் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் பணியாற்றிய உயிர்வேதியியலாளர். பிறகு கொல்கத்தா, டெல்லி. அந்த மருந்தில் ஒரு விசித்திரம். குப்பியை நோயாளிக்கு ஏற்றுமுன் 45 நிமிடம் ஒலியலைத் தொட்டியில் வைத்துக் குலுக்க வேண்டும். பெரிய குமிழிகள் சின்னதாவது ஆலையில் அல்ல, வார்டில்.

"அளவு சரியா வந்துதான்னு அங்க யாரு பாப்பா?"

"நிமிஷத்தைத்தான் பாப்பாங்க மாமா."

எண்களைப் பற்றிப் பேச்சு நீண்டபோது மருமகன் தன் துறைக்காரர்கள் விரும்பாத எண்ணையும் சொன்னான். 2016இல் டொரண்டோவில் வாரன் சானின் குழு பத்து வருட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. விலங்குகளில் ஊசி போட்ட நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பில் 0.7 சதவீதம். மீதி பெரும்பாலும் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

"நூறு சாக்கு ஏத்திவிட்டா முக்கால் சாக்குதான் கடைக்கு வருதா? லாரிக்காரன மாத்துலே."

களியக்காவிளை, இரவு

திரும்பும்போது கரமனையிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. சீசாவில் மீதி இருந்ததை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்து அளக்க வேண்டும். மருந்து முழுவதும் ஏறவில்லை. போட்டதில் பாதிக்குச் சற்று மேல்தான் உள்ளே நின்றது, மிச்சம் சுழற்சியில் அடியில் படிந்துவிட்டது. இன்னொரு தரம் செய்ய வேண்டும், இன்னொரு தரம் வர வேண்டும்.

சந்தை அடைந்திருந்தது. ஒரே ஒரு விளக்கின் கீழ் காலையில் பார்த்த மீன்காரர் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். றால் ஓடுகள் ஓடை முகப்பில் குவிந்து கிடந்தன.

வீட்டில் தங்கை பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தாள். ஐஸ் உருகித் தண்ணீராகியிருந்தது. ஐந்து சீசாக்களையும் எடுத்துத் துடைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில், உறை மோர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினாள். மருமகன் ஓடிவந்து அவற்றை உள்தட்டுக்கு மாற்றினான். கதவு திறக்கும்போதெல்லாம் சூடு ஏறுமாம். அவன் ஒரு துண்டுத்தாளில் தேதி எழுதி ஒட்டினான். அதற்குக் கீழே மாமா தம் பழைய மருந்துக்கூடக் கையெழுத்தில், தமிழில் ஒரு வரியும் மலையாளத்தில் ஒரு வரியுமாக, 'குலுக்கக் கூடாது' என்று எழுதினார்.